ஒரு ஸ்லாஷுக்கு ஒன்றரை மணி நேரம்

எங்கள் மென்பொருளின் நிறுவல் கையேட்டில் இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தலைப்பு 'தேவையானவை'. நினைவகம் இவ்வளவு, வட்டில் காலி இடம் இவ்வளவு, இயங்குதளம் இன்னது. மூன்றாவது வரியில் 'லினக்ஸ்' என்று ஒற்றைச் சொல்லாகப் போட்டிருந்தேன். கையேட்டைச் சரிபார்க்கக் கூடிய கூட்டத்தில் எல்லாரும் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போகும் நேரத்தில், கடைசி நாற்காலியில் இருந்த எங்கள் மூத்த சர்வர் நிர்வாகி வாயைத் திறந்தார். "தம்பி, அது லினக்ஸ் இல்லை. குனு/லினக்ஸ்."

கூட்டம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. மீதி நாற்பது பக்கங்களை யாரும் பார்க்கவில்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்போது வேலையில் நான்காவது வருடம். பகலில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது, ராத்திரியில் புதுப் பதிப்பை ஏற்றுவது. இதற்கு நடுவில் கையேடு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்திருந்தது, வேறு யாரும் அதைத் தொட மாட்டேன் என்றதால். விழுந்த சர்வரை எழுப்பத் தெரியும், லாக் படிக்கத் தெரியும், அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. கட்டத்தில் ஒரு வரிக்கு இவ்வளவு சண்டையா?

சண்டை என்று சொல்வதுகூடத் தப்பு. அவர் குரலை உயர்த்தும் ஆள் இல்லை. வாதாடாமல் தன் மடிக்கணினியைத் திரையில் இணைத்து, கணினியிடம் அதன் பெயரைக் கேட்கும் 'யூநேம்' கட்டளையைத் தட்டினார். 'லினக்ஸ்' என்று வந்தது. "பாருங்கள் சார், அதுவே சொல்கிறது" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அதே கட்டளையோடு ஒரு 'ஓ' சேர்த்து மறுபடி தட்டினார். இந்தத் தடவை 'குனு/லினக்ஸ்' என்று வந்தது. முதல் கேள்வி இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலின் பெயர் என்ன என்பது, இரண்டாவது கேள்வி இயங்குதளத்தின் பெயர் என்ன என்பது என்றார். நம் கையேட்டில் கட்டத்தின் இடது பக்கம் 'இயங்குதளம்' என்றுதானே எழுதியிருக்கிறாய்?

எனக்கு ஒரு பதில் தோன்றியது, சொல்லியும் விட்டேன். யூநேம், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதக் கிளம்பிய குனு திட்டத்தின் புரோகிராம். கெர்னலின் பெயரை அது கெர்னலிடம் கேட்டுச் சொல்கிறது. ஆனால் 'குனு/லினக்ஸ்' என்பது அந்தப் புரோகிராமை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து உருவாக்கும்போதே உள்ளே எழுதி வைத்த சொல். தன் வீட்டுப் பிள்ளைக்குத் தானே நற்சான்று கொடுப்பது சாட்சியா? அவர் சிரித்தார். "நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளை இல்லாமல் உன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாதே" என்றார்.

கடைசியில் மேலாளர்தான் முடித்து வைத்தார். வாடிக்கையாளர்கள் லினக்ஸ் என்றுதான் கேட்கிறார்கள், லினக்ஸ் என்றே இருக்கட்டும். அச்சுக்குப் போனது. மூத்தவர் அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எழுதும் ஸ்கிரிப்டுகளின் தலைக்குறிப்பில் மட்டும் 'குனு/லினக்ஸில் சோதிக்கப்பட்டது' என்ற வரி எப்போதும் போல இருந்தது. அதுவரை நூறு தடவை பார்த்திருப்பேன், கண்ணில் படவில்லை. கூட்டத்துக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் பட்டது.

அவரை மடக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் பழைய கதையைப் படிக்க ஆரம்பித்தேன். படித்தது எனக்குச் சாதகமாக இல்லை.

ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தது 1983 செப்டம்பர் 27. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் போலவே வேலை செய்யும், ஆனால் யாரும் படித்து, மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒரு முழு இயங்குதளத்தை எழுதப் போகிறேன் என்று சொல்லி, அடுத்த ஜனவரியில் எம்ஐடி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார். 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை. 1987-ல் ஜிசிசி கம்பைலர். 1989-ல் பாஷ், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பைலர், ஷெல், எடிட்டர், புரோகிராம்கள் பொதுவாகச் சார்ந்திருக்கும் சி நூலகம், ஃபைல்களைக் கையாளும் சின்னச் சின்னக் கருவிகள் என்று ஏறக்குறைய எல்லாம் இருந்தன. கெர்னல் மட்டும் இல்லை. ஹர்ட் என்ற பெயரில் 1990-ல் அதைத் தொடங்கினார்கள். கெர்னலைச் சின்னதாக வைத்து மற்ற வேலைகளை வெளியே பிரித்துவிடும் மைக்ரோகெர்னல் என்ற அழகான வடிவமைப்பு, ஆனால் பிழை தேடுவது பெரும்பாடு. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அது அன்றாட வேலைக்கு வரவில்லை.

1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக மினிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தின் பயனர்களுக்கு அறிவித்தார். குனு போலப் பெரிதாகவோ தொழில்முறையிலோ இருக்காது என்று அதில் அவரே சொல்கிறார். பாஷ் 1.08-ஐயும் ஜிசிசி 1.40-ஐயும் ஏற்கெனவே அதில் ஓட வைத்துவிட்டதாகவும் சொல்கிறார். இரண்டும் குனு வீட்டுச் சரக்கு. அடுத்த மாதம் 0.01 பதிப்பை வெளியிட்டபோது கூடவே வைத்த குறிப்பில், வெறும் கெர்னலை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது, ஷெல், கம்பைலர், நூலகம் எல்லாம் வேண்டும் என்று கறாராக எழுதியிருக்கிறார். நான் கூட்டத்தில் மறுத்த விஷயத்தை லினக்ஸை எழுதியவரே முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்.

பெயர் வைத்த கதை இன்னும் வேடிக்கை. தன் பெயரையே வைத்தால் தற்பெருமையாக இருக்கும் என்று லினஸ் வைக்க நினைத்தது 'ஃப்ரீக்ஸ்'. கோப்புகளை ஏற்றிவைக்க இடம் கொடுத்த சர்வரின் நிர்வாகி ஆரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவர் பாட்டுக்கு அடைவுக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். உலகத்தின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டும் ஒரு பொருளின் பெயரை முடிவு செய்தது ஒரு சர்வர் நிர்வாகி தட்டிய ஒரு கட்டளை. என் தொழில்காரர் ஒருவர் சரித்திரத்தில் இடம்பிடித்த விதம் இதுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 1992-ல் லினக்ஸும் குனுவின் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. இரண்டையும் சேர்த்துக் குறுந்தட்டில் போட்டுக் கொடுத்தவர்கள் மொத்தத்தையும் லினக்ஸ் என்றார்கள். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் தொகுப்பு மட்டும், நடுவில் ஒரு வருடம் ஸ்டால்மனின் அறக்கட்டளை ஆதரித்த சமயத்தில், 'டெபியன் குனு/லினக்ஸ்' என்ற பெயருக்கு வந்து அதிலேயே நின்றுகொண்டது. 1996-ல் ஸ்டால்மன் தன் ஈமேக்ஸ் எடிட்டரின் 19.31 பதிப்பில் 'லிக்னக்ஸ்' என்று ஒட்டுப்போட்டுப் பார்த்தார். எல்லாரும் கத்தியதில் அது போய், ஸ்லாஷ் வந்தது.

ஸ்டால்மன் தரப்பு சொல்லும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் காலத்துக் குறுந்தட்டு வெளியீடு ஒன்றை எடுத்து எண்ணியபோது, மொத்த மூலநிரலில் சுமார் 28 சதவீதம் குனு, கெர்னல் சுமார் 3 சதவீதம். இந்தக் கணக்கைத்தான் குனு ஆதரவாளர்கள் அடிக்கடி வீசுவார்கள். எனக்கு இது பலவீனமான வாதமாகத்தான் படுகிறது. வரிகளை எண்ணிப் பெயர் வைக்க வேண்டுமென்றால் இன்றைக்கு பிரௌசரின் பெயரைத்தான் வைக்க வேண்டியிருக்கும். ஸ்டால்மனே இந்த எண்ணிக்கையில் சாய்ந்து நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சொல்வது வேறு: மற்றவர்கள் ஆளுக்கொரு கருவி எழுதினார்கள், நாங்கள் மட்டும்தான் முழு வீடு கட்ட வேண்டும் என்று இறங்கினோம், கூரை ஒன்றுதான் பாக்கி இருந்தது, கூரை போட்டவர் பெயரால் வீட்டை அழைக்கிறீர்கள்.

டோர்வால்ட்ஸ் தரப்பும் லேசுப்பட்டதல்ல. குனு ஆட்கள் தங்கள் தொகுப்பு ஒன்றை வெளியிட்டால் அதற்குக் குனு லினக்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் பொதுவாக லினக்ஸையே அப்படிக் கூப்பிடச் சொல்வது அபத்தம் என்பது அவர் நிலை. கூரை இல்லாமல் எத்தனை மழைக்காலம் அந்த வீடு நின்றது என்று நாமும் திருப்பிக் கேட்கலாம்.

இவ்வளவு படித்த பிறகும் நான் கட்சி மாறவில்லை. மாற்றியது வேறொன்று, அதற்கும் சரித்திரத்துக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் குழுவில் புதுப் பதிப்பை சர்வர்களில் ஏற்றுவதற்கு நானும் இன்னொருவரும் இரண்டு வருடமாக ஷெல் ஸ்கிரிப்டுகளாக எழுதிச் சேர்த்திருந்தோம். பேக்கப் எடுப்பது, வரிசையாக ஏற்றுவது, பாதியில் நின்றால் துடைத்துவிட்டுப் பழைய பதிப்புக்குத் திரும்புவது என்று எல்லாமே அதில் உண்டு. அதற்குப் பெயர் கிடையாது. 'அந்த ஸ்கிரிப்ட்' என்போம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மூன்று வாரத்தில் அதற்கு முன்னால் ஒரு வலைத்திரை கட்டினார். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், ஓடுவதைக் காட்டும் பட்டை. ஒரு பறவையின் பெயரையும் வைத்தார். ஒரே மாதத்தில் எல்லாரும் மொத்தத்தையும் அந்தப் பறவையின் பெயரால் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். வருடக் கடைசிப் பாராட்டும் பறவைக்கே போனது. பேக்கப் பகுதியில் பிழை வந்தால் மட்டும் என்னைத் தேடி வந்தார்கள்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் இதை மூத்தவரிடம் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, என்ன பெயர் வைக்கலாம் என்கிறாய்? அந்த ஸ்கிரிப்ட் ஸ்லாஷ் பறவை என்றா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும்.

அந்தத் திரையின் மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள மறந்திருந்தேன். திரை வருவதற்கு முன்னால் அந்த ஸ்கிரிப்டை ஓட்டத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். வந்த பிறகு குழுவில் எல்லாரும் ஓட்டினார்கள். நாங்களும் ஒரு திரை கட்டுவதாகத்தான் இருந்தோம், வடிவமைப்புக்கூட வரைந்து வைத்திருந்தோம், எட்டு மாதமாக. எங்களுடைய ஹர்ட் அது. பெயர் வைக்கும் உரிமை கட்டி முடித்தவருக்கா, அதிகம் கட்டியவருக்கா, கட்டத் தொடங்கியவருக்கா என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால், கேட்டவர் யார் என்று பார்த்துத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

இதே பஞ்சாயத்துக்கு ஒரு தம்பி உண்டு. விலைமொழிவு ஒன்று தயாரிக்கும்போது நான் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்று எழுதியிருந்ததை விற்பனைப் பிரிவில் ஒருவர் அடித்துவிட்டு 'ஓப்பன் சோர்ஸ்' என்று மாற்றினார். "ஃப்ரீ என்றால் ஓசி என்று நினைப்பார்கள், அப்புறம் நாம் எதற்குப் பணம் கேட்கிறோம் என்பார்கள்" என்றார். அவர் சொன்னது புதிதும் அல்ல. 1998 தொடக்கத்தில் நெட்ஸ்கேப் தன் பிரௌசரின் மூலநிரலைத் திறக்கப் போவதாக அறிவித்த கையோடு, கிறிஸ்டின் பீட்டர்சன் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல்லை முன்வைத்ததும் ஏறக்குறைய இதே காரணத்துக்குத்தான். ஃப்ரீ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இலவசம் என்றும் பொருள், சுதந்திரம் என்றும் பொருள். தமிழில் அந்தத் தொல்லை கிடையாது. 'கட்டற்ற' என்று சொன்னால் யாரும் ஓசி என்று நினைப்பதில்லை. விக்கிப்பீடியாவைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது இயல்பாகவே வருகிறது. ஆங்கிலக்காரர்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்ட ஒரு சண்டை நமக்கு ஒரு நல்ல பெயரடையால் தீர்ந்துபோனது.

பதிலுக்கு நமக்கு வேறு தொல்லை. குனு என்பதை அதன் ஆட்கள் சொல்லச் சொல்வது 'க்னு' என்று. மெய்யெழுத்தில் சொல் தொடங்கக் கூடாது என்பதால் நாம் ஒரு உகரத்தைச் செருகிக்கொண்டோம். இலக்கணம் கறாராகப் பார்த்தால் லகரமும் மொழிமுதலில் வராது, 'இலினக்சு' என்று எழுத வேண்டும். அப்படி எழுதுபவர்களும் இருக்கிறார்கள். கெர்னலைக் 'கருனி' என்பவர்களும் உண்டு, அழகான சொல்தான். ஆனால் கெர்னல் நிலைகுலைந்து நின்றுபோகும் 'கெர்னல் பேனிக்' வந்தால், நடுராத்திரி தொலைபேசியில் ஒருவரை எழுப்பி "கருனி பீதியடைந்துவிட்டது" என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நடுராத்திரி என்றதும்தான் அந்த நாள் ஞாபகம் வருகிறது.

கையேடு அச்சாகி இரண்டு வருடம் கழித்து, ஒரு வாடிக்கையாளரிடமிருந்து இரவு பத்தரைக்கு அழைப்பு. அவர்கள் எல்லாவற்றையும் கண்டெய்னருக்கு, அதாவது புரோகிராமையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டும் முறைக்கு, மாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் புரோகிராம் கிளம்பவே மறுக்கிறது. திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். 'நாட் ஃபவுண்ட்' என்று ஒரே வரி. ஃபைல் இல்லையாம். அடைவைப் பட்டியலிடச் சொன்னேன், ஃபைல் இருக்கிறது. அளவு சரி. இயக்கும் அனுமதி சரி. பெயரில் எழுத்துப்பிழை இல்லை. முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். மறுபடி 'நாட் ஃபவுண்ட்'. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து "அவர் வீட்டில் இல்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

பதிவிறக்கத்தில் கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடி அனுப்பினேன். கோப்பு மாறவில்லை என்று காட்டும் செக்சம் ஒத்துப்போனது, கோளாறும் அப்படியே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கத்துப் பொறியாளர், "உங்கள் கையேட்டில் லினக்ஸ் என்றுதானே போட்டிருக்கிறது? இதுவும் லினக்ஸ்தான் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் அதிகம் உறுத்தியது. எந்த லினக்ஸ் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. ஆல்பைன் என்றார்.

ஆல்பைன் லினக்ஸ் பொடியான தொகுப்பு. அடிப்படைக் கண்டெய்னர் பிம்பம் சில மெகாபைட்தான், அதனால்தான் எல்லாரும் அதை எடுத்தார்கள். அப்படிச் சின்னதாக இருப்பதற்குக் காரணம், அதன் அடித்தளத்தில் குனு சரக்கு இல்லை. குனுவின் சி நூலகமான ஜிலிப்சிக்குப் பதில் மஸல். குனு கருவிகளுக்குப் பதில் பிஸிபாக்ஸ். பாஷ்கூட நாமாகக் கேட்டு நிறுவினால்தான் உண்டு. கெர்னல் லினக்ஸ், சந்தேகமே இல்லை. ஸ்டால்மன் குனு/லினக்ஸ் என்று சொல்லும் பொருளில் அது குனு/லினக்ஸ் இல்லை, அதிலும் சந்தேகமில்லை.

என் கணினியில் எங்கள் புரோகிராமின் மேல் 'ஃபைல்' என்ற கட்டளையை ஓட்டினேன். இது என்ன மாதிரியான கோப்பு என்று கேட்டால் சொல்லும் கருவி. நீளமான ஒரே வரி வந்தது. 64 பிட், டைனமிக்காக (நூலகத்தை ஓடும்போது சேர்த்துக்கொள்ளும்படி) இணைக்கப்பட்டது, ஓட்டுவதற்கு 'எல்டி-லினக்ஸ்' என்று தொடங்கும் இன்ன ஃபைல் வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போய், கடைசிப் பக்கமாக ஒரு துண்டு: 'குனு/லினக்ஸ் 3.2.0-வுக்கானது'.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஒன்றரை மணி நேரம் கூடி உட்கார்ந்து கையேட்டில் எழுத மறுத்த பெயரை, எங்கள் புரோகிராம் தன் வயிற்றுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது. கம்பைல் ஆகும்போது ஜிலிப்சியின் தொடக்கத் துண்டு ஒன்று தானாகச் சேர்ந்துகொள்ளும், இந்தக் குறிப்பு அதிலிருந்து வருவது. 3.2.0 என்பது தேவைப்படும் மிகக் குறைந்த கெர்னல் பதிப்பு.

'நாட் ஃபவுண்ட்' மர்மமும் அதே வரியில்தான் இருந்தது. டைனமிக்காக இணைத்த புரோகிராமை கெர்னல் நேரே ஓட்டுவதில்லை. அது கேட்கும் ஏற்றுபவனை முதலில் தேடிப் பிடித்து அதனிடம் ஒப்படைக்கும். எல்டி-லினக்ஸ் என்ற அந்த ஏற்றுபவன் ஆல்பைனில் இல்லை. கெர்னல் 'ஃபைல் இல்லை' என்று சொன்னது அந்த ஏற்றுபவனைப் பற்றி. ஷெல் அதை எங்கள் புரோகிராமைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அப்படியே ஒப்பித்துவிட்டது. இதிலும் ஒரு கூத்து பாருங்கள்: பெயரில் லினக்ஸ் என்று ஒட்டியிருக்கும் அந்த ஏற்றுபவன் கெர்னலைச் சேர்ந்தவனே அல்ல. ஜிலிப்சியோடு வருபவன், குனு வீட்டு ஆள். பெயர் அங்கே, சொந்தம் இங்கே.

அன்றிரவுக்கு அடிப்படைப் பிம்பத்தை டெபியனின் மெலிந்த வடிவத்துக்கு மாற்றச் சொன்னேன். பத்து நிமிடத்தில் புரோகிராம் எழுந்து ஓடியது. கண்டெய்னருக்குள் அவர் போய்ப் பார்த்த இயங்குதளப் பெயர் திரையில் தெரிந்தது: 'டெபியன் குனு/லினக்ஸ்'. அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. மணி ஒன்றேகால்.

காலையில் மூத்தவரிடம் போனேன். அவர் அப்போது வேறு குழுவுக்கு மாறியிருந்தார். அந்த நீள வரியை அச்செடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்து, "நீங்கள் சொன்னதுதான் சரி சார்" என்றேன். குதித்துக் கொண்டாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "நான் சொன்னது பெருமை யாருக்கு என்று. நீ கண்டுபிடித்தது எதன் மேல் நிற்கிறோம் என்று. இரண்டும் ஒன்றில்லையே தம்பி" என்றார். அப்புறம், "கையேட்டில் குனு/லினக்ஸ் என்று போட்டிருந்தால் மட்டும் அவர் ஆல்பைனில் போடாமல் இருந்திருப்பாரா?" என்றும் கேட்டார்.

இருந்திருக்க மாட்டார். அதுதான் நிஜம். குனு என்ற சொல்லைப் பார்த்து, ஓ, இது மஸலில் ஓடாது போலிருக்கிறது என்று முடிவுக்கு வரும் வாடிக்கையாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் எழுதும் எனக்கு அது உதவியிருக்கும். லினக்ஸ் என்ற ஒற்றைச் சொல் என் கண்ணை மறைத்திருந்தது. எங்கள் புரோகிராம் கெர்னலோடு நேரடியாகப் பேசுவது மிகக் குறைவு. அது மூச்சு விடுவது ஜிலிப்சி வழியாக. எங்கள் நிறுவல் ஸ்கிரிப்ட் நம்பியிருப்பது பாஷையும் குனு கருவிகளின் பிரத்தியேக விருப்பத்தேர்வுகளையும். 'டேட்' கட்டளையில் 'நேற்று' என்று எழுதித் தேதி வாங்கும் வசதியைக்கூட எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது குனுவின் தனிக் கைச்சரக்கு. பெயரில் அந்தப் பாதி இருந்திருந்தால், எழுதும்போதே ஒரு தடவையாவது கை நின்றிருக்கும்.

டெபியன் இதை எங்களுக்கு முன்னாலேயே புரிந்துவைத்திருந்தது என்பதையும் அதற்கப்புறம்தான் கவனித்தேன். 2011-ல் அவர்கள் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் கெர்னலை வைத்து அதே குனு சூழலை முன்னோட்டமாக வெளியிட்டார்கள். பெயர் 'டெபியன் குனு/கேஃப்ரீபிஎஸ்டி'. ஹர்ட் கெர்னலோடு ஒன்று உண்டு, அது 'டெபியன் குனு/ஹர்ட்'. கெர்னலை மாற்றி மாற்றிப் பொருத்தும் இடத்தில் ஸ்லாஷ் மரியாதைச் சின்னமாக இல்லை, பாகப் பட்டியலாக இருக்கிறது. இன்னொரு ஓரத்தில் ஆண்ட்ராய்டு: கெர்னல் லினக்ஸ், மற்றபடி நூலகம் வேறு, கருவிகள் வேறு. அதைப் பொதுவாக யாரும் லினக்ஸ் என்றே அழைப்பதில்லை. லினக்ஸ் என்று நாம் அன்றாடம் சொல்லும்போது மனதில் இருப்பது கெர்னல் அல்ல, அந்த மற்றப் பாதிதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்பது என் கட்சி. லினக்ஸ் என்ற பெயரே அந்தப் பாதியையும் சேர்த்துக் குறிக்க வந்துவிட்டது, அப்புறம் ஸ்லாஷ் எதற்கு என்று இதையே திருப்பியும் வாதாடலாம். வாதாடியிருக்கிறார்கள், என்னிடமே.

கையேட்டின் அடுத்த பதிப்பில் அந்தக் கட்டத்தைத் திருத்தினேன். லினக்ஸ் என்றும் எழுதவில்லை, குனு/லினக்ஸ் என்றும் எழுதவில்லை. 'லினக்ஸ் கெர்னல் 3.10 முதல், ஜிலிப்சி 2.17 முதல், பாஷ் 4 முதல்' என்று மூன்று வரி. பார்க்க அசிங்கமாக இருந்தது. சரிபார்ப்புக் கூட்டத்தில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை, நான்கு நிமிடத்தில் அடுத்த பக்கம் போய்விட்டோம். பேச்சில் நான் இன்றும் லினக்ஸ் என்றுதான் சொல்கிறேன். அவரிடம் பேசும்போது மட்டும் வாய் தானாகக் குனுவைச் சேர்த்துக்கொள்ளும்.

பறவைத் திரைக்கும் ஒரு வேலை செய்தேன். அதன் 'இதைப் பற்றி' பக்கத்தில் ஸ்கிரிப்டை எழுதிய இரண்டு பேரின் பெயரையும் சேர்க்கலாமா என்று அதைக் கட்டியவரிடமே கேட்டேன். அவர் உடனே சேர்த்துவிட்டார். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை என்றார். அந்தப் பக்கத்தை இதுவரை யாராவது திறந்திருப்பார்களா தெரியாது.

மூத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன வருடம் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பின் 25.10 பதிப்பு வந்தபோது சோதனைக்காக ஒரு கணினியில் போட்டேன். அந்தப் பதிப்பில் குனுவின் அடிப்படைக் கருவிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு, ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியவற்றை வைத்திருக்கிறார்கள். ஜிபிஎல் உரிமம்கூட இல்லை, எம்ஐடி உரிமம். பழைய கூட்டம் ஞாபகம் வந்து, யூநேமோடு 'ஓ' சேர்த்துத் தட்டினேன். குனு வீட்டில் பிறக்காத அந்தப் புரோகிராம், கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'குனு/லினக்ஸ்' என்றது. படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன்.

பதில் வர அரை மணி ஆனது. "கீழே ஜிலிப்சி இருக்கிறதா என்று பார்த்தாயா?"

பார்த்தேன். இருந்தது.